கல்யாணம் முடிந்த பிறகும் ஓடிய கேசட்

திருச்சி
12.2.1984

அன்புமிக்க ஜார்ஜ் அவர்களுக்கு, தோத்திரம்.

இங்கு யாவரும் சுகம். நம் பிள்ளைகள் கல்யாணக் காரியம் முடிந்த மாதிரிதான். என் மகன் அமல்தாஸ் உங்கள் அருள்ஜோதியின் போட்டோவை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறான். பூசைக்கு முன்னைவிட ஒழுங்காகப் போகிறான்.

லீவு முடிந்து சிங்கப்பூர் திரும்பும் எங்கள் பங்கு அலெக்சாண்டர் தம்பியிடம் மூத்தவன் கல்யாண வீடியோ கேசட்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உங்கள் மாப்பிள்ளை அமல்தாஸ் பந்தியில் ஓடியாடிப் பரிமாறுவதை நீங்கள் பார்க்கலாம்.

அரசாங்க உத்தியோகம் என்று எழுதியிருந்தீர்கள். எந்த இலாகா? பங்குச் சாமியார் கேட்கிறார்.

இப்படிக்கு,
இயேசுதாசன்

சிங்கப்பூர்
26.2.1984

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. என் மனைவி ஆனி இப்போதே சிராங்கூன் ரோட்டில் பட்டுப்புடவை எடுத்துவிட்டாள்.

என் உத்தியோகத்தில் மறைக்க ஒன்றுமில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் படம், வீடியோ எல்லாவற்றையும் பார்த்து, ஆகாததை நிறுத்தும் தணிக்கை வேலை. ஆகாதது என்றால் நீங்கள் நினைக்கிறதுதான். சட்டத்தை இப்போது இறுக்கிவிட்டதால் வீட்டு வீடியோவும் தப்பாது. நாள் முழுக்கக் கறி வெட்டுகிறவனுக்கு வீட்டில் ரசம் போதும், என் கதையும் அதுதான். வேலை முடிந்து வந்தால் ஆனி கண்ணைக் கழுவச் சொல்வாள், அப்புறம்தான் காப்பி.

அலெக்சாண்டர் கொண்டுவந்த கேசட்டை விமான நிலையத்தில் வாங்கி வைத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டுத் தருவார்கள். கவலை வேண்டாம்.

அன்புடன்,
ஜார்ஜ்

திருச்சி
9.3.1984

ஐயா,

உங்கள் கடிதத்தை வாசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பங்கில் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறவன் நான். சினிமாச் சுவரொட்டி வந்தால் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடக்கிறவன். கண்டதையும் பார்த்த கண்ணால் நீங்கள் என் மகனைப் பார்க்க வேண்டாம். இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம். கேசட்டைத் திருப்பி அனுப்பவும்.

அமல்தாஸ் சாப்பிடாமல் கிடக்கிறான். தவக்காலம்தானே, ஆத்துமத்துக்கு நல்லது.

இயேசுதாசன்

சிங்கப்பூர்
20.3.1984

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அருள்ஜோதியும் வாசித்துவிட்டாள். நான் பார்த்த வேலை என் மகள் தலையில் விடிந்ததே என்று எனக்கு நெஞ்சே விட்டுப்போயிற்று. ஆனிக்குப் புடவையைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

இப்போது கேசட் விஷயம். தெரிந்தவர்களுடையதை நான் பார்க்கக் கூடாது என்பதால், பக்கத்து மேசை அப்துல் அஜீஸ் பார்த்தார். தாலி கட்டுகிற இடத்தில் அவருக்குக் கண் கலங்கியதாம். உங்கள் மகன் பரிமாறும் அழகையும் மெச்சினார். பிறகு என்னிடம் வந்து, “ஜார்ஜ், உங்க ஆளுங்க கல்யாணத்துல பாயசத்துக்கு அப்புறம் இதெல்லாம்கூட உண்டா லா?” என்று மெதுவாகக் கேட்டார்.

வேறொரு படத்தின்மேல் கல்யாணத்தை எடுத்திருக்கிறார்கள். கல்யாணம் முடிந்த இடத்தில் பழைய படத்தின் மிச்சம் ஓடுகிறது. கேசட்டின் முதுகில் ‘தவக்காலச் சிந்தனைகள்’ என்று எழுதி, அதை அடித்துவிட்டு ‘கல்யாணம்’ என்று எழுதியிருக்கிறது. இரண்டும் உங்கள் கையெழுத்து.

இதைக் காட்டிச் சம்பந்தம் கேட்கிற ஆள் நான் இல்லை. ஆனால் ஒன்றும் அறியாத அலெக்சாண்டர்மேல் வழக்கு வரும் போலிருக்கிறது. கேசட் உங்களுடையது என்று நீங்கள் ஒரு வரி எழுதித் தந்தால் அவர் தப்புவார்.

ஜார்ஜ்

திருச்சி
2.4.1984

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட வரியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இந்தக் கேடு எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது என்று தெரிந்தால்தானே கண்டித்துப் பேச முடியும்? அதற்காக வாங்கியது. பார்த்ததும் கண்டிக்கிற மனதோடுதான். வீடியோக்காரர் புதுக் கேசட் கேட்டபோது, வீண் செலவு எதற்கு என்று அலமாரியில் இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் நீங்களும் நானும் ஒரே தொண்டுதான் செய்து வருகிறோம். கல்யாணத்தை நடத்திவிடுவோம். என் வீட்டம்மாவுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம்.

உங்கள்,
இயேசுதாசன்

ஜார்ஜ் அண்ணனுக்கு அந்தோனியம்மாள் எழுதிக்கொள்வது. தபாலில் சேர்க்கச் சொல்லி இதை என்னிடம்தான் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன்னால் வாசித்துவிட்டேன்.

ஒரே தொண்டு இல்லை, அண்ணே. நீங்கள் சம்பளத்துக்குப் பார்த்தீர்கள், கேட்டதும் மறைக்காமல் சொன்னீர்கள். இவர் சும்மா பார்த்துவிட்டு ஊருக்கு உபதேசம் செய்தார். அருள்ஜோதி என் வீட்டுக்கு வரட்டும், என் மகளாகவே பார்த்துக்கொள்வேன்.

பங்குச் சாமியாரிடம் நானே போய்ப் பேசிவிட்டேன். பாஸ்குத் திருநாள் கழிந்ததும் கோவிலில் கல்யாண ஓலை வாசிப்பார். வேண்டாம் என்ற சம்பந்தத்தை உங்கள் வீட்டுக்காரர் எப்படித் திடீரென்று ஒத்துக்கொண்டார் என்று கேட்டார். அதை அவரே பாவசங்கீர்த்தனத்தில் வந்து சொல்வார் என்றேன்.

அந்தோனியம்மாள்