ஃபேன் நடந்த தூரம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுதப் போய் இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன், அதனால் முக்கால் நலம் என்று வைத்துக்கொள். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருந்தால் அந்தக் கால் பங்கு நலத்தை நான் அங்கிருந்து எடுத்துக்கொள்வேன். தினமும் போனில் பேசுகிற அம்மாவுக்குத் திடீரென்று காகிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் எப்போது நான் பேசியிருக்கிறேன், நீ பேசுவாய், உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்காருவார், நான் ம் ம் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவேன். இப்போது அவர் முடி வெட்டப் போயிருக்கிறார். அந்தக் கடைக்காரன் வாயைத் திறந்தால் மூட மாட்டான், எனக்கு எப்படியும் ஒரு மணி நேரம் கிடைக்கும். எழுதி முடித்ததும் முனையில் இருக்கிற ஜெராக்ஸ் கடைப் பெண் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள். படிக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுப்பேன், எப்படியும் படிப்பாள், படித்துவிட்டுப் போகட்டும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சுற்றி வளைத்து எங்கேயாவது போய்விடுவேன். வியாழக்கிழமை அந்தப் பெரிய மருத்துவமனைக்காரர்கள் முன்னால் நீ பேசும்போது, அப்பாவின் மூன்று மாத நடமாட்டம் என்று ஒரு கோட்டுப் படம் காட்டப் போவதாகச் சொன்னாயே, அதைக் காட்டாதே. நான் செய்த கைப்பட்டைக் கருவியைக் கட்டிக்கொண்ட பிறகு என் அப்பா மூன்று மடங்கு நடக்கிறார் என்று சொல்லப் போகிறாயே, அதையும் சொல்லாதே. ஏன் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் கை வரமாட்டேன் என்கிறது.

உன் அண்ணன் வீட்டில் எல்லோருக்கும் சளி. அவன் போன வாரம் வந்து குளியலறையில் புதுக் குழாய் போட்டுக் கொடுத்தான், பழைய குழாய் எப்படிப் போனது என்று பிறகு வருகிறேன். நம் கட்டடத்து லிஃப்ட் மறுபடி படுத்துவிட்டது. தரைத்தளத்தில் தனியாக இருக்கிற அக்கா, அதுதான் உன்னைச் சின்ன வயதில் மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்காதே என்று விரட்டுவாளே, அவள் இப்போது பெரிய ஆள். லிஃப்ட் நின்ற முதல் வாரம் எல்லோருடைய பைகளையும் நானே தூக்கி வந்து தருகிறேன், ஏதாவது காசு கொடுங்கள் என்று வீடு வீடாகக் கேட்டாள். ஒருவரும் பையைக் கொடுக்கவில்லை. அவளுக்கு ஆச்சரியம், மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறார்கள், உதவி வேண்டாம் என்கிறார்கள். அப்புறம் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறாய், உண்மையைச் சொல் என்று கேட்டாள். நானும் சொன்னேன், நான் வாங்கியதை நீ பார்ப்பாய், நாளைக்கு நாலு வீட்டுக்குத் தெரியும் என்று. சிரித்துவிட்டுப் போனவள் மாடிப்படி நடுவில் உருளை மாட்டிக் கயிறு விட்டாள், உன் அப்பாவிடம் வந்து மூடி போட்டுப் பொத்தான் வைத்த பைகள் தைத்து வாங்கிக்கொண்டாள். இப்போது பக்கத்துக் கட்டடக்காரர்களும் கூப்பிடுகிறார்கள். லிஃப்ட் சரியாகிவிடக் கூடாது என்று அவள் வேண்டிக்கொள்வதாக எனக்கு ஒரு சந்தேகம். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், உன்னை நினைத்துக்கொண்டுதான். நீயும் விடுதியில் இருந்தபோது துணி மாறிப் போகிறது என்று எண் போட்ட துணிப்பட்டை விற்றாய், அப்பா தான் துணி வெட்டிய சட்டை ஃபாக்டரியில் கழித்த துண்டுகளை வெட்டிக் கொடுத்தார், ஆளுக்கு ஆள் வாங்கினார்கள். அது உன் துணி தொலைந்து நீ அழுது நீயே கண்டுபிடித்தது. இந்தக் கைப்பட்டை அப்படி இல்லை. இது அப்பாவின் கஷ்டம், ஆனால் அப்பாவிடம் நீ கேட்கவே இல்லை. கோபித்துக்கொள்ளாதே, நான் மட்டும் கேட்டேனா.

அந்தக் கைப்பட்டை பார்சலில் வந்த நாளில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. என் பெண் செய்தது என்று மாடியில் இருப்பவர்கள், டீக்கடை, முடிவெட்டும் கடை என்று ஒரு இடம் விடவில்லை. நாலாவது நாள் டீக்கடையில் எவனோ ஒரு குசும்பன், என்ன மாஸ்டர், ஜாமீன்ல விட்டாங்களா, கைல நம்பர் கட்டி அனுப்பிருக்காங்கன்னு கேட்டுவிட்டான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இவரும் சிரித்துவிட்டு வந்து அன்று முழுக்க அந்தக் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அது போதாதென்று அந்த இருபது நிமிஷக் கணக்கு வேறு. பகலில் இருபது நிமிஷம் அசையாவிட்டால் உன் போன் அடிக்கும் என்று வைத்தாய். அப்பா பேப்பர் படிக்கும்போது பார்த்திருக்கிறாயே, கண்தான் அசையும். மத்தியானம் தூங்கினால் கட்டை மாதிரிதான் கிடப்பார். ஒரே நாளில் மூன்று தடவை நீ மீட்டிங்கிலிருந்து எழுந்து ஓடிவந்து, அப்பா என்னாச்சுன்னு கத்தினாய். மூன்றாவது தடவை உன் குரல் நடுங்கியது. போனை வைத்துவிட்டு அவர் சொன்னார், இனிமே நான் உட்கார்ந்தா அவ வேலை கெட்டுடும். அன்றிலிருந்து நடக்க ஆரம்பித்தார். ஹாலுக்கும் பால்கனிக்கும் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தார், பேப்பரை நின்றுகொண்டே படித்தார், மத்தியானத் தூக்கம் போனது, சாப்பிடும்போது இடது கையைத் தொடையில் தட்டிக்கொண்டே இருப்பார். நாற்பது வருஷம் நின்றுகொண்டே துணி வெட்டிய மனிதர், ஓய்வு பெற்ற பிறகாவது உட்காரட்டும் என்று ஆசைப்பட்டு நாற்காலி வாங்கிப் போட்டவள் நான். எனக்குப் பொறுக்கவில்லை.

நான்தான் அதைக் கழற்றி ஃபேனில் கட்டினேன்.

எழுதிவிட்டேன். ஹாலில் நிற்கிறதே, தலையை ஆட்டிக்கொண்டு சுற்றும் அந்த ஃபேன், அதன் கம்பி வலையில் கட்டினேன். அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது, உன் போன் அடிக்கவில்லை, அப்பா மூன்று நாளுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்து தூங்கினார். ஒரே ஒரு நாள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அதற்கு ஒரு முறையே வந்துவிட்டது. காலையில் போடுவேன், சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷம் நிறுத்துவேன், மனிதன் சாப்பிடவாவது உட்காருவான் இல்லையா. உன் அப்பாவுக்கும் தெரியும். மூணுல வைக்காத, நான் அவ்வளவு வேகமா நடக்க மாட்டேன், ஒண்ணுல வை என்று சொன்னதே அவர்தான். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம், மறைக்கவில்லை, நிறைய சிரித்தோம். நீ போன் பண்ணி, அப்பா கலக்குறீங்க, ஒரு நாள்கூட விடாம ஒரே சீரா நடக்குறீங்கன்னு சொன்னபோதுதான் இது விளையாட்டில்லை என்று எனக்கு உறைத்தது. சொல்லியிருக்க வேண்டும். நீ சந்தோஷமாக இருந்தாய், அடுத்த வாரம் சொல்லலாம் என்று விட்டேன், அடுத்த வாரம் நீ அந்தப் படத்தை யாருக்கோ காட்டிவிட்டதாகச் சொன்னாய்.

இனி எழுதப் போவதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள். அப்பா நன்றாக இருக்கிறார், அதை முதலில் மனதில் வை. மூன்று வாரம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை நான் சோப்பு வாங்கக் கீழே போனேன், போன இடத்தில் பேச்சு நீண்டுவிட்டது. அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். விழும்போது குழாயைப் பிடித்திருக்கிறார், அது கையோடு வந்துவிட்டது. <s>அரை மணி நேரம்</s> நாற்பது நிமிஷம் தரையில் கிடந்தார், கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், கேட்க ஆள் இல்லை. ஹாலில் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டிருக்கிறது. பிறகு என்னிடம் சொன்னார், நான் இங்க கிடக்குறேன், அங்க நான் நடந்துகிட்டு இருக்கேன்னு. நான் கதவைத் திறந்து அவரைத் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருக்கிறேன், அந்த நேரம் பார்த்து என் போன் சிணுங்கியது. உன் செய்தி. அப்பா இன்னைக்கு இப்பவே நாலாயிரம் அடி, சூப்பர் என்று எழுதி ஒரு கைதட்டல் படம் போட்டிருந்தாய். அந்தக் கைதட்டலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அது அவர் கையில் இருந்திருந்தால் இருபதாவது நிமிஷம் உனக்குத் தெரிந்திருக்கும், நீ எனக்கு அடித்திருப்பாய், நான் மாடி ஏறி ஓடி வந்திருப்பேன். நீ செய்த கருவியில் ஒரு குறையும் இல்லை, நான்தான் அதைக் கழற்றினேன். இதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் என்று உனக்குத் தெரியாது, அடுப்படியில் நிற்கும்போது, படி இறங்கும்போது, பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார், போன வாரம் பிரித்தாயிற்று. எலும்புக்கு ஒன்றும் இல்லை. மூன்று வாரமாக வீடியோவில் முழுக்கைச் சட்டையோடு வந்தாரே, என்னப்பா ஆபீசர் மாதிரி இருக்கீங்கன்னு நீ கேலி செய்தாயே, கட்டை மறைக்கத்தான். வியாழக்கிழமை முடியும்வரை உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினார். அவள் மனசு உடையக் கூடாது, பேச்சு குழறிவிடும் என்றார். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று நீ சொன்னாய், இது நடந்துவிட்டால் முதலில் நானூறு வீட்டில் கொடுப்பார்கள் என்று. நானூறு வீட்டிலும் ஃபேன் இருக்கிறது. இரவெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்குமேல் எழுத முடியாமல் போனது. அப்பா சீக்கிரம் வந்துவிட்டார், கடைக்காரனுக்கு இன்று தொண்டை கட்டியிருக்கிறதாம், எனக்கென்று வாய்த்தது. காகிதத்தைப் பேப்பருக்கு அடியில் தள்ளிவிட்டு அவருக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன், திரும்பி வந்தால் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அடியில் இருந்த கடிதத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தாகிவிட்டது. சத்தம் போடுவார் என்று பார்த்தேன். துணியில் கோடு போடுகிற பென்சிலை எடுத்து, மேலே அரை மணி நேரம் என்று நான் எழுதியதை அடித்துவிட்டு நாற்பது நிமிஷம் என்று எழுதினார். கீழ கிடந்தவனுக்குத்தான் தெரியும் என்று மட்டும் சொன்னார். அது அவர் கையெழுத்துதான், பார்த்துக்கொள். பிறகு எழுந்து போய் ஃபேனிலிருந்து உன் கைப்பட்டையை அவிழ்த்தார், பட்டையைக் கத்தரித்து எறிந்தார், நடுவில் இருக்கிற, அசைவை எண்ணுகிற அந்தச் சின்ன வில்லையை மட்டும் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் எடை பார்த்தார். தையல் மிஷினில் உட்கார்ந்து, போட்டிருக்கிற கால்சட்டையின் இடுப்புப் பட்டைக்கு உள்பக்கம் ஒரு பை தைத்து, பொத்தான் வைத்து, அதற்குள் வில்லையைப் போட்டுக்கொண்டார். வெளியே ஒன்றும் தெரியவில்லை. இனிமே டீக்கடையில எவன் கேப்பான் என்றார்.

உனக்குச் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. நாப்பது வருஷம் கழுத்தளவு எடுக்காம நான் ஒரு காலர் வெட்டினதில்ல, அவ என் கழுத்தைப் பாக்காமலே சட்டை தச்சு அனுப்பிட்டா, நானும் பிடிக்குதுன்னு பொய் சொல்லிட்டேன், தப்பு ரெண்டு பேர் மேலயும்தான். வியாழக்கிழமை போய்ச் சொல்லச் சொல்லு, எங்க வீட்டுக் கிழவன் இதைக் கழட்டிட்டான், ஏன் கழட்டினான்னு எனக்குத் தெரியும், இதே மாதிரி செய்யுற மத்தவங்களுக்குத் தெரியாதுன்னு. அவர் சொன்னது இவ்வளவுதான். அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. உன் இரண்டு வருஷ உழைப்பு, உன்னோடு வேலை பார்க்கிற பிள்ளைகளின் பிழைப்பு, எல்லாம் எனக்குத் தெரியும். என்னால்தான் கெட்டது என்று நீ சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன். ஆனால் ஃபேன் நடந்த தூரத்தை உன் அப்பா நடந்தது என்று நீ ஒரு மேடையில் நின்று சொல்ல நான் விட மாட்டேன். முடிந்தால் ஒரு வாரம் இங்கே வந்து உட்கார், அவர் எப்படி உட்காருகிறார், எப்படித் தூங்குகிறார் என்று பக்கத்தில் இருந்து பார், மருத்துவமனைக்காரர்கள் எங்கே ஓடிவிடப் போகிறார்கள்.

நீ நினைத்தது நல்லபடி நடக்கட்டும், நினைத்தபடி நடக்காவிட்டாலும் உனக்கு நல்லதாகவே நடக்கட்டும், தீர்க்காயுசாக இரு. ராத்திரி முழித்திருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மறக்காமல் ஒன்று மட்டும் செய், இன்று மத்தியானத்துக் கோட்டுப் படத்தை எடுத்துப் பார். இரண்டு மணியிலிருந்து கோடு மேலே போகாமல் கீழே வராமல் படுத்தே கிடக்கும். உன் போன் அடித்திருக்கும், நீ பதறியிருப்பாய், எனக்கும் அடித்தாய், தூங்குகிறார் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன், மீதி இந்தக் கடிதத்தில் இருக்கிறது. பயப்படாதே. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், மூச்சு சீராக வருகிறது, லேசாகக் குறட்டையும் உண்டு. மூன்று மாதத்தில் இன்றைக்குத்தான் உன் அப்பாவைப் பார்க்கிறாய்.

இப்படிக்கு,
ஃபேனை நிறுத்திவிட்டு விசிறிக்கொண்டிருக்கும்
உன் அம்மா