வாளி ஒழுங்கை

என் மேசையில் இரண்டு கோப்பைத் தேநீர் ஆடை கட்டிப்போய் இருக்கிறது. உன் மகளைப் பெண் கேட்க நினைத்து, பக்கத்து வீடென்று என்னிடம் விசாரிக்க மட்டக்களப்பிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனது. நீ போன மாசியில் கண்ணை மூடியிருக்காவிட்டால் இந்நேரம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்திருப்பாய். இருபது வருஷம் என்னோடு கதைக்காமல் இருந்தும் எட்டிப் பார்ப்பதை மட்டும் நீ விடவில்லை.

வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போன சில வருஷத்தில் உனக்கு அந்த விசர் பிடித்தது. எங்கள் ஒழுங்கையின், இந்த ஒடுங்கின தெருவின், சரித்திரத்தைத் தேடப் போகிறேன் என்றாய். பின்னேரங்களில் என்னையும் இழுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினாய். எந்த வீட்டுக் கதிரை கப்பலிலிருந்து வந்தது, எந்தக் கிணறு வெட்டும்போது பீரங்கிக் குண்டு கிடைத்தது, யார் எந்த ஊரிலிருந்து வந்து இந்தத் துறைமுகக் கரையில் குந்தினார்கள், எல்லாம் உனக்கு வேண்டும். சனமும் ஆசையாகச் சொன்னது. எனக்கும் அந்த அலைச்சல் பிடித்துத்தான் இருந்தது. வாளி ஒழுங்கை என்ற பேர் எப்படி வந்தது என்று நீ கேட்டபோது நான்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: கப்பல்களுக்கு நல்ல தண்ணீர் சுமந்து கொடுத்தவர் எங்கள் அப்பப்பா, அந்த வாளிதான் என்று. எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லித்தான் வளர்த்தார்கள். நீ தலையாட்டினாய்.

மாதா கோயில் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு பங்கு மண்டபத்தில் நீ பேசினாய். என் தங்கச்சியைச் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கியடியில் வேலை செய்த ஒரு பெடியனுக்குப் பேசி முடித்திருந்த நேரம். என் சிநேகிதி பேசுகிறாள் என்ற பெருமையில் மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டி வந்து முன்வரிசையில் இருத்தினேன். நீ ஒவ்வொரு வீடாகச் சொல்லி வந்தாய், சனம் கைதட்டியது. எங்கள் வீட்டுக்கு வந்தபோது உன் குரல்கூட மாறவில்லை.

"அது தண்ணி வாளியில்லை, கக்கூஸ் வாளி. துறைமுகத்தில மலம் அள்ள வந்த ஆக்கள்தான் அந்த வளவில குடியிருந்தவை."

பின்வரிசையில் சிரித்தார்கள். அடுத்தது உன் வீடு. உன் அப்பப்பா துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் கணக்குப்பிள்ளை என்றாய்.

மாப்பிள்ளையின் தாய் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழும்பினா. சம்பந்தம் அந்தக் கதிரையோடு முடிந்தது. தங்கச்சி கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்திருந்த துணியைத் திருப்பி வாங்கி வந்து யன்னலுக்குச் சீலையாகப் போட்டாள். பிறகு கேட்டு வந்தவர்களும் ஒழுங்கையின் பேரைக் கேட்டதோடு திரும்பிவிட்டார்கள். அவள் இன்னும் என் குசினி அடுப்படியில்தான் நிற்கிறாள்.

ஏனடி இப்படிச் செய்தாய் என்று வேலியடியில் நின்று கேட்டேன். "உள்ளதைத்தானே சொன்னனான்" என்றாய். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை உனக்கு. யார் சொன்னது என்றதற்கு, கிண்ணியாத் துறையில் தோணி விடுகிற முஸ்லிம் பெரியவர் காக்காவைக் காட்டினாய். அந்தக் கிழவனிடம் போய்ச் சண்டை பிடித்தேன். பாவம், மனிசன் பயந்துபோனார்.

"பொய்யில்ல மகள். வாளிக் கழிவ ஊத்தின பீப்பாயத் தடியில கோத்து ரெண்டு பேர் தோள்ல காவுற. முன்னுக்கு ஒங்கட அப்பப்பா, பின்னுக்கு ஒங்கட சிநேகிதிட அப்பப்பா. அவக்கும் இதத்தான் சொன்ன நான்."

ஒரே தடியின் ஒரு முனையை மட்டும் மண்டபத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாய், கள்ளி! கோபத்தில் அன்றே தெருவில் நின்று கத்தியிருப்பேன். கத்தவில்லை. நான் நல்லவள் என்பதால் இல்லை. உனக்குச் சுடுகிற நாள் வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதற்குள் உனக்கு மகள் பிறந்து, வேலியில் பிரிந்திருந்த பொட்டுக்குள்ளால் தவழ்ந்து வந்து, என் தங்கச்சியின் மடியில் சோறு தின்று வளர்ந்தாள். உன் சாவீட்டில் பங்குச் சுவாமியார் உன்னைப் புகழ்ந்தார், எங்கள் ஒழுங்கையின் சரித்திரத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பெண் என்று. உன் பெட்டிக்கு மாலை கட்டினவள் தங்கச்சி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீ அதுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டாய். சுடுவதற்கு நீ இல்லை, உன் மகள்தான் இருக்கிறாள்.

இன்றைக்கு வந்தவர்கள் பக்குவமாகத்தான் கேட்டார்கள். பெண்ணின் குடும்பம் எப்படி, தாய்வழி எப்படி என்று. தங்கச்சி தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். நான் முழுச் சரித்திரத்தையும் சொன்னேன், முன் முனையும் பின் முனையும். கோப்பையை எடுக்க நீட்டிய கையை அந்த மனிசி மெல்ல மடிக்குள் வைத்துக்கொண்டா. என் வீட்டுத் தேநீரும் அவவுக்கு ஏலாமல் போய்விட்டது. அது நடக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். அவர்கள் போன பிறகு தங்கச்சி குசினி வாசலில் நின்று, "அந்தப் பிள்ளை என்ன செய்தவள்?" என்று மட்டும் கேட்டாள்.

கொஞ்சம் முன்னர் உன் மகள் வேலிப் பொட்டால் வந்தாள். புதுச்சட்டை போட்டிருந்தாள், காதில் உன் தோடு.

"பெரியம்மா, அவையள் வந்தவையோ? என்னைப் பற்றி என்ன சொன்னனீங்கள்?"

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரேயொரு வசனம். அதைத்தான் அவளுக்கும் சொன்னேன்.

"உள்ளதைத்தான் சொன்னனான், பிள்ளை."

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டு ஓடினாள்.