மறுபக்கம் பிடிக்க ஓர் ஆள்

வைரோக்வா, விஸ்கான்சின்
மார்ச் 11, 1994

அன்புள்ள ஆர்லின்,

இங்கே நான் நலம். நீ நலமாக இருப்பதை, ஜனவரியில் நீ அனுப்பிய படத்திலேயே பார்த்துவிட்டேன். கன்னம் உப்பியிருக்கிறது. கோலெட் நன்றாகச் சமைக்கிறாள் போல.

இரண்டு வாரம் என்று சொல்லிவிட்டு ஐடஹோவுக்குப் போனாய். இது பதினோராவது வாரம். கோலெட் விமானப்படையில் உன்னோடு வேலை பார்த்தவள், புருஷனை இழந்தவள், அவர் பாதியில் விட்டுப்போன விமானத்தை முடித்துக்கொடுக்க வேண்டும் என்றாய். சரி என்றேன். நம் கொட்டகையிலும் ஒன்று ஆறு வருஷமாக ஒற்றை இறக்கையோடு நிற்கிறதே என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, என் தப்பு.

இரண்டாவது படத்தில் அவள், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியை அடிக்கிற துப்பாக்கியோடு சிரிக்கிறாள். அடி தாங்க, தகட்டுக்குப் பின்னால் இரும்புக்கட்டியை அழுத்திப் பிடித்திருப்பது யார் என்று நீ எழுதவில்லை. மணிக்கட்டில் தெரிந்த கடிகாரத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். நான் வாங்கித் தந்ததல்லவா. ஒரு விமானத்துக்கு ஆயிரக்கணக்கில் ரிவெட் என்று எனக்கும் தெரியும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்பதும் தெரியும்.

கடை நன்றாக ஓடுகிறது. பனி வாரும் மண்வெட்டி ஒன்றுகூட மிச்சமில்லை. விதை மூட்டைகள் வந்து இறங்கிவிட்டன. நாய்க்குக் காது வலி, மருந்து விடுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் படம் வந்த மறுநாளே ஆள் வைத்து இடது இறக்கையைச் செய்து முடித்துவிடுவது என்று கிளம்பினேன். வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் சங்கத்து ஆலோசகர் வெர்லினிடம் கேட்டால், மனுஷன் சிரிக்கிறான். “உன் கடையில எல்லாம் கிடைக்கும் மார்லிஸ், இது கிடைக்காது. சட்டப்படி பாதிக்கு மேல நாமளே கட்டியிருக்கணும், அதுவும் கத்துக்கிற ஆசைக்காக. கூலிக்கு ஆள் செஞ்சது நம்ம பங்குல சேராது. உங்க விமானத்தோட உடல் பகுதி ஏற்கெனவே பாதி செஞ்சு பெட்டியில வந்தது, அதனால இந்த இறக்கைய விட்டா உனக்கு வழியில்ல” என்றான்.

சரி, நானே செய்கிறேன் என்று இறங்கினேன். லாரியின் பின்பக்கத்தில் ஆணி விற்று இரண்டு கடை வைத்தவள், இது என்ன பிரமாதம் என்ற நினைப்பு. இறக்கைக்குள் இருக்கும் தாங்கிகளுக்கு நம் கடை போல்ட்டையே போட்டேன், இருப்பதிலேயே உயர்ந்த ரகம். வெர்லின் டார்ச் அடித்துப் பார்த்தான். “தலையில அடையாளம் எங்க? விமான போல்ட்டுக்குத் தலையில குறி இருக்குமே. இது டிராக்டருக்குப் போடுறது மகராசி! கெட்டிதான், ஆனா வளையாம பட்டுன்னு ஒடியும். அப்ப நீ மூவாயிரம் அடி மேல இருப்ப” என்றான். இருபது வருஷமாக போல்ட் விற்கிறவளிடம்! முப்பத்தெட்டையும் கழற்றினேன். கோலெட் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள். கழற்றும்போது அதுதான் குத்தியது.

ஆனால் இறக்கை முடிந்துவிட்டது, ஆர்லின். வெர்லினின் மனைவி பின்னால் பிடித்தாள், அடித்ததெல்லாம் நான். சோதனைக்கு வருகிற அரசாங்க அதிகாரி யார் செய்தது என்று கேட்பார் என்பதால், ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டியிருக்கிறேன். முதல் பக்கங்களில் எல்லாம் நீ நிற்கிறாய். கடைசிப் பக்கங்களில் நான், உன் பழைய சட்டையில்.

சோதனை மே இருபதாம் தேதி. பறக்க அனுமதி கேட்கும் விண்ணப்பத்தில் கட்டியவர் என்று ஒரு பெயர்தான் போடலாமாம். வருஷா வருஷம் சோதித்துக் கையெழுத்துப் போடும் உரிமையும் அந்த ஒருவருக்குத்தான். “உன் பேரையே போடு, அவன் எங்கேயோ இருக்கான்” என்றான் வெர்லின். பென்சிலால் எழுதினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு அழித்துவிட்டேன். அந்த இடம் இப்போது காலி.

வால் பகுதியில் இன்னும் நாற்பத்திரண்டு ரிவெட் பாக்கி. உள்ளே நீளமான கை போக வேண்டும். வெர்லினின் மனைவிக்கு எட்டவில்லை. வெர்லின் நான் வருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். எல்லா ரிவெட்டையும் துளையில் போட்டு, விழாமல் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மலைப்பாதையில் இன்னும் பனி கிடக்கிறதாம். மெதுவாக ஓட்டு, தூக்கம் வந்தால் நிறுத்திப் படு. கடவுள் உன் கையையும் காலையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். துப்பாக்கியை நான் பிடித்துக்கொள்கிறேன். மறுபக்கம் நீ வந்து நில்.

டேப் ரொம்ப நாள் தாங்காது.

உன்
மார்லிஸ்