கடைசி ரீலை ஓட்டியதால் என் தங்கை துக்கம் காப்பது குறித்து

அனுப்புநர்:
பெ. ஒச்சாண்டி (சீனப்பட விளக்கவுரையாளர்),
மேற்குத் தெரு, காமயகவுண்டன்பட்டி,
உத்தமபாளையம் தாலுகா, மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தாசில்தார் அவர்கள்,
தாலுகா ஆபீஸ், உத்தமபாளையம்.

பொருள்: டூரிங் டாக்கீஸில் சண்டைப் படத்தின் கடைசி ரீலை நான் இல்லாதபோது ஓட்டியது – அதன் பேரில் என் தங்கை புருஷன் கர்ணனுக்கு ஊரார் துட்டி (சாவுத் துக்கம்) கேட்பது – அவர் இருப்பிடம் விசாரித்துத் தரக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

1. நான் ஏழாம் வகுப்பு வரை படித்து, இது போதும் என்று நானே முடிவெடுத்து நின்றவன். சீன பாஷை அறிந்தவன். எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு வந்த சீனச் சண்டைப் படத்துக்குத் திரையோரம் மைக் பிடித்து நின்று, மூன்று வாரம் தமிழில் கதை சொன்னேன். ஆட்டத்துக்கு எட்டாயிரம் பேர் வந்தார்கள்.

2. குழந்தை குட்டியோடு பார்க்கிற படமாக அதை ஆக்கியவன் நானே. ரத்தம் தெறித்தால் நம்மூர்த் திராட்சைச் சாறு என்பேன், பிள்ளைகள் சிரிக்கும். எதிரிகள் வைதுகொள்ளும் இடத்தில், "சாப்பிட்டு வந்து சண்டை போடுவோம் மாப்ளே" என்று பேசுவதாகச் சொல்வேன். ஒரு பெண் குளிக்கும் காட்சிக்கு, ஆபரேட்டரிடம் கொடுத்து வைத்த என் துண்டு லென்ஸை மூடிவிடும்.

3. என் தங்கை இருளம்மாளின் புருஷன் கர்ணன் சென்ற மாசியில் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போனார். கடுதாசி இல்லை. பதினேழு தோட்டம் ஏறி இறங்கி விசாரித்தேன். தெரியாது என்று மலையாளத்தில் "அறியத்தில்லா" என்ற ஒரே பதில். தங்கையிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. குமுளியில் பார்த்தேன், தேக்குக் கட்டை மாதிரி இருக்கிறார் என்றேன். படத்தின் கதாநாயகனும் மலை தாண்டிப் போகிறவன் ஆகையால், அவனுக்குக் கர்ணன் என்றே பெயர் வைத்தேன். அவள் தினமும் தலையில் பூ வைத்துக்கொண்டு முன்வரிசை மணலில் வந்து உட்கார்ந்தாள். அவன் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் பக்கத்துப் பெண்களைத் திரும்பிப் பார்ப்பாள்.

4. அந்தப் படத்தின் கடைசி ரீலில் கதாநாயகன் செத்துப்போகிறான். முதல் நாளே தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு அந்த ரீலை ஓட்டக்கூடாது என்றேன். அதற்கு முந்திய ரீலோடு, "கர்ணன் கம்பம் பஸ்ஸில் ஏறிவிட்டார், நீங்களும் வீட்டுக்குப் போங்கள்" என்று முடிப்பேன். ஜனங்கள் கைதட்டிக்கொண்டு போவார்கள்.

5. அக்டோபர் 23 வியாழனன்று என் தொண்டை கட்டிக்கொண்டது. முதலாளி ஞானசிகாமணி, நான் இல்லாமலே படத்தை முழுசாக ஓட்டிவிட்டார். கதாநாயகன் படிக்கட்டில் உருண்டு விழுந்து கண் மூடியதை மொத்த ஊரும் பார்த்தது. படத்திலேயே சாவை மறைத்தவன் வீட்டில் மறைக்க மாட்டானா என்று மறுநாள் பேச்சாகி, பெண்கள் துட்டி கேட்க வந்துவிட்டார்கள். இருளம்மாள் என்னைக் கேட்டாள்: "அண்ணே, இதைத்தான் மறைச்சியா? அவுக செத்துட்டாகளா?"

6. இல்லை என்றேன். நம்பவில்லை. சத்தியம் செய்தேன். நான் செய்யும் சத்தியம் ஊருக்குத் தெரியும். வளையலை உடைத்துவிட்டாள். தாலியைக் கழற்றி மஞ்சள் டப்பாவில் போட்டுவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை பதினாறாம் நாளாம். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அண்ணன்தான் கொண்டுவர வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். கம்பத்துக் கடை வாசல் வரை இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன். வாங்கினால் அவரை நானே கொன்றது போல. வாங்காவிட்டால் புருஷன் செத்தவளுக்குக் கோடி போடாத அண்ணன்.

7. ஞானசிகாமணி மேல் நடவடிக்கை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அவர் ஓட்டியது படத்தில் இருந்ததைத்தான். ஆகவே அந்தப் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

8. இந்த மனுவையும் என் கதைகளில் ஒன்றாகத் தாங்கள் தள்ளிவிடக்கூடாது என்பதற்காகக் கீழ்க்கண்டவாறு திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். எட்டாயிரம் பேர் என்பது முந்நூறு. பதினேழு தோட்டம் என்பது மூன்று. மழை பிடித்ததும் இறங்கிவிட்டேன். சீன பாஷை எனக்குத் தெரியாது. குமுளியில் நான் அவரைப் பார்க்கவில்லை. சென்ற மாசியில் ஒரு தகரப்பெட்டியோடு கர்ணன் கம்பமெட்டு வழியாக மலையேறினார் என்பது மட்டும் அப்படியே இருக்கட்டும்.

ஐயா அவர்கள் மலைக்கு அந்தப்பக்கத்து அதிகாரிகளுக்குத் தந்தி கொடுத்து, கர்ணன், வயது முப்பத்திரண்டு, இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு உள்ளவர், இருக்கிறாரா இல்லையா என்று கேட்டு, வெள்ளிக்கிழமைக்குள் ஆபீஸ் முத்திரையோடு ஒரு வரி தரவேண்டும். இருக்கிறார் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி. வந்த வரியில் ஒரு சொல்லைக்கூடக் கூட்டாமல் என் தங்கைக்கு வாசித்துக் காட்டுவேன்.

இடம்: காமயகவுண்டன்பட்டி
நாள்: 3-11-1980

தங்கள் முத்திரைக்குக் காத்திருக்கும்,
பெ. ஒச்சாண்டி