வருத்தப்பட முடியாத வருஷங்கள்

6 பிப்ரவரி 1955, ஞாயிறு

பூசைக்குப் போகுமுன் வழக்கம்போல் ஒரு டம்ளர் காபி குடித்தேன். வேண்டுமென்றேதான். வயிற்றில் ஏதாவது போயிருந்தால் அன்று நற்கருணை வாங்கக் கூடாது. யாராவது கேட்டால் பொய் சொல்லாமல் தப்பிக்கலாம். இன்று பிலோமியே கேட்டுவிட்டாள். "எல்லார் அம்மாவும் நன்மை வாங்கறாங்க. நீ மட்டும் இன்னாத்துக்கு ஒவ்வொரு வாட்டியும் காபி குடிச்சிட்டு வரே?"

எட்டு வயசு. மே மாதம் அவளுக்குப் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். உபதேசியார் பத்துக் கற்பனையும் நெட்டுருப் போட வைத்திருக்கிறார். ஆறாவதை, மோக பாவம் செய்யாதே என்பதை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒப்பிக்கிறாள். அவளுக்கு அர்த்தம் தெரியாது.

9 பிப்ரவரி

தெரிந்ததையே எழுதிப் பார்க்கிறேன். இராயப்பன் என்னைக் கோயிலில் வைத்துக் கட்டியது 1940-இல். மறுவருஷம் ரங்கூன் அரிசி மில்லுக்குப் போனான். அங்கே குண்டு விழுந்து, சனங்கள் காட்டு வழியாக நடந்தே ஊர் திரும்பினார்கள். அவன் வரவில்லை. செத்ததைப் பார்த்தவர்களும் இல்லை. ஐந்து வருஷம் காத்திருந்தேன். மருத்துவச்சி வேலைக்குப் படித்தேன். பிறகு வேதகிரி. இந்து. ஆயில் இஞ்சின் மெக்கானிக். கல்யாணம் என்று எதுவும் நடக்கவில்லை. ஒரு நாள் டூல்ஸ் பெட்டியோடு வந்தார். இருந்துவிட்டார்.

6 மார்ச், ஞாயிறு

புதுச் சாமியார் பூசை முடிந்து கூப்பிட்டார். முப்பது வயசு இருக்காது. கோபமாகவே பேசவில்லை, அதுதான் கஷ்டம்.

"அவன் செத்ததுக்கு அத்தாட்சி கிடைக்கிற வரைக்கும் நீ அவன் மனைவிதான் அம்மா. பிள்ளைக்காக ஒரே வீட்டில் இருக்கணும்னா இருங்க. ஆனா அண்ணன் தங்கை மாதிரி. நடந்ததுக்கு மனம் நொந்து பாவசங்கீர்த்தனம் பண்ணு. மகளோட சேர்ந்து நீயும் நன்மை வாங்கலாம்."

7 மார்ச்

வேதகிரி இஞ்சின் நாஸிலை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"அண்ணன் தங்கச்சியா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார். "உங்க சாமி கட்டிலாண்ட குந்திக்கினு பாக்குதா?"

நாஸிலைக் கழுவி முடித்துவிட்டு, "பொண்ணு பக்கத்துல நீ முட்டி போடணும். அவ்ளோதானே?" என்று கட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்பக்கச் சாய்ப்புக்குப் போனார்.

15 மார்ச்

திருப்புலிவனத்தில் பிரசவம் பார்த்தேன்; செங்கேணி என்பவளுக்கு இரட்டைப் பிள்ளை. இரண்டும் பெண். அவள் புருஷன் ஓடிப் போய்ச் சர்க்கரை வாங்கி வந்தான்.

25 மார்ச்

அவர் சட்டையைத் துவைத்தேன். கொடியில் போடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். இதுவும் பாவமா?

2 ஏப்ரல், சனி

பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனேன். ஒன்பது வருஷத்தைச் சொன்னேன். இப்போது தனித்தனியாக இருக்கிறோம், இனியும் அப்படியே என்றேன்.

"நடந்ததுக்கு வருத்தப்படறியா மகளே?"

"பிலோமியைப் பெத்ததுக்கா சாமி?"

"பிள்ளை பாவமில்லை. அந்த உறவைக் கேட்கிறேன்."

தேடினேன். மனசார, மூலை முடுக்கெல்லாம் தேடினேன். டைபாய்டில் நான் கிடந்தபோது என் சிக்குத் தலையைப் பிரித்துச் சீவிவிட்ட அவர் கைதான் நினைவுக்கு வந்தது.

"கட்டளைய மீறினேன்னு தெரியும் சாமி. வருத்தம் வரல. வராதத வந்துச்சுன்னு சொன்னா அது வேற பாவம் இல்லீங்களா?"

வலைக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாக, "மன்னிப்புக் கொடுக்க எனக்கு வழியில்லை அம்மா. வேண்டிக்கோ. நானும் வேண்டிக்கறேன்" என்றார்.

வீட்டில் அவர் கேட்டார். சொன்னேன்.

"இன்னாமே, ஒரு வார்த்த வருத்தம்னு சொல்லிட்டு வந்திருக்கலாமே? பொண்ணுக்காக."

"உங்ககூட இருந்ததுக்கா?"

துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

24 ஏப்ரல், ஞாயிறு

எப்படி எழுதுவேன். குடத்தோடு உள்ளே நுழைகிறேன், பிலோமி மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில். கண்ணை இறுக்க மூடிக்கினு சொல்றா: "மாதாவே, அந்த இராயப்பன் செத்துப் போயிருக்கணும். சேதி சீக்கிரம் வரணும்."

"யாருடி சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல. அந்த ஆளு செத்தாதான் நீ நன்மை வாங்க முடியும்னு உபதேசியார் வூட்டு ஜெயம்மா அக்கா சொன்னாங்க. நானேதான் வேண்டிக்கறேன்."

வெளியே போய் நின்றேன். யாரும் இல்லையா? நான்தானே. வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான். ரங்கூனிலிருந்து யாராவது வந்திருக்கிறார்கள் என்றால் ஓடினேனே — எந்தச் சேதிக்கு ஓடினேன்? இருபது வயசுப் பையன் அவன். வெறுங்காலோடு போனான். செருப்பு அங்கே போய் வாங்கிக்கறேன் என்றான். அவனைப் பதினாலு வருஷமாக மனசுக்குள் கொன்று கொன்று பார்த்திருக்கிறேன். இன்று என் பிள்ளையும்.

அழுகை நிற்கவில்லை. வருத்தம் என்றால் இதுவா? இது எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

1 மே, ஞாயிறு

போன வாரம் நடந்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன்.

"இதுக்கு நீ வருத்தப்படறே" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. "மற்றது?"

"மத்தது அப்படியேதான் கீது சாமி."

பெருமூச்சு விட்டார். மன்னிப்பு இன்றும் இல்லை. ஆனால் நான் எழுந்திருக்கும்போது சொன்னார்: "தினமும் அவனுக்காக ஒரு செபம் சொல்லு. செத்தவனுக்குச் சொல்றது வேண்டாம். உயிரோட இருக்கிறவனுக்குச் சொல்ற மாதிரி சொல்லு."

22 மே, ஞாயிறு

பிலோமிக்குப் புதுநன்மை. காபி குடிக்காமலே போனேன், இனி சாக்கு எதற்கு. நான் ஏன் வாங்குவதில்லை என்பதை நேற்றே அவளுக்குப் புரிகிற அளவுக்குச் சொல்லிவிட்டேன். வெள்ளை முக்காட்டோடு போய் நாக்கை நீட்டினாள். கடைசி வரிசையில் முழங்காலில் இருந்தேன். அவர் வாசலில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, எக்கி எக்கிப் பார்த்தார்.

29 மே, ஞாயிறு

சாயங்காலச் செபம் நானும் பிலோமியும் சேர்ந்து சொல்கிறோம். இராயப்பன் எங்கேயிருந்தாலும் அவனுக்குச் சோறு கிடைக்க வேண்டும், காலுக்குச் செருப்பு வேண்டும், சொந்தமாக ஒரு வூடு வேண்டும் என்று பிலோமியே ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகிறாள்.

இன்று அவர் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "வெறும் வூட்டுல தனியா இன்னா பண்ணுவான்? அங்கியே ஒரு பொண்டாட்டி, புள்ளைங்களோட நல்லா இருக்கணும்னு சொல்லு."

பிலோமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நைனா சொல்றது பாவம் இல்லியாம்மா?"

"சேத்துக்கோ" என்றேன்.