உன் தலைமாட்டுப் போவிட்டியா

வேலாயுதம் சிவநேசனாகிய நான், நம் மயானப் பராமரிப்புச் சங்கத்தின் செயலாளன், உனக்கொரு முடிவை அறிவிக்கவே இதை எழுதுகிறேன். மேசைமீது ஊதாப் பூவொன்று இருக்கிறது. இன்று காலை உன் கல்லறைத் தலைமாட்டுச் செடியில் பறித்தது.

மயானத்தில் பரவிய அந்நியக் களைகளை வேரோடு அகற்றவேண்டும் என்ற விதியை எழுதியவன் நானே. போவிட்டியா என்ற புதர்ச்செடியின் பெயரும் அதில் உண்டு. உன் மனைவி உன் கல்லறையருகே நட்டதும் போவிட்டியாதான். சங்கத்தார் அதைச் சுட்டியபோது, விலக்களிக்க எனக்கு அதிகாரமில்லை என்றேன். உன் மனைவி அழவில்லை.

"அண்ணே, புடுங்கணும்னா நீங்களே வந்து புடுங்குங்க. வேற ஆளு கை படக்கூடாது" என்றார்.

வீடு திரும்பும் வழியில் ரிவர்ஸ்டன் மலை வீதியோரம் நினைவில் எழுந்தது. நீ தாவரவியலும் நான் கணிதமும் கற்பித்த காலத்தில், மாணவரை அங்கே அழைத்துச் சென்றோம். ஒரு புதரைப் போவிட்டியா என்று சொல்லிக் கடந்த என்னை, சட்டையைப் பிடித்து நிறுத்தினாய். ஊரார் அந்தப் பெயரைப் பல செடிகளுக்கு வைத்திருக்கிறார்கள் என்றாய். எல்லாம் ஒரே குடும்பம். இலையின் அடியிலிருந்து நுனிவரை வளைந்தோடும் நரம்புகளும் ஒன்றுபோலவே. ஆனால், அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்ததற்கு வெள்ளைப் பூ, சதைப்பற்றுள்ள கருநீலப் பழம். இத்தீவிலன்றி வேறெங்கும் இயல்பாய் முளைக்காத நம்முடையதற்கு நான்கு ஊதா இதழ்கள், மகரந்தம் தாங்கும் எட்டுக் கேசரங்கள், சிறு குடம்போன்ற உலர்காய்.

"பூவ எண்ணிப் பாரு மச்சான். கணக்கு வாத்தியாருக்கு எட்டு வரைக்கும் எண்ணத் தெரியாதா?"

மாணவர் சிரித்தனர். எனக்குக் கோபம்.

அந்த எண்ணிக்கை நினைவுக்கு வந்ததால், உன் செடி பூக்கும்வரை சங்கத்திடம் தவணை கேட்டேன். தலைவர் எளிதில் விடவில்லை. "செக்ரட்டரி, கூட்டாளி செடின்னா மட்டும் சட்டம் பூக்குற வரைக்கும் நிக்குமோ?" என்றார். கடைசியில் பூக்கும்வரை மட்டும் இணங்கினார். பூ வெள்ளையாயின் மண்வெட்டியை நானே எடுப்பதென்று தீர்மானித்தேன். அந்தத் தீர்மானத்தோடு காலைதோறும் உன்முன் வந்து நிற்பது எளிதாக இருக்கவில்லை.

இன்று மொட்டு அவிழ்ந்தது. ஊதா. இதழ் நான்கு. கேசரங்களைத் திரும்பத் திரும்ப எண்ணினேன், எட்டேதான். தொலைபேசியில் உன் மனைவிக்குச் சொன்னேன். "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் எனக்குப் பசித்தது.

விதியும் மீறப்படவில்லை, உன் செடியும் நிற்கிறது. ஆனால் உனக்காகப் பேச ஒருவர் இருந்தார். மற்றக் கல்லறைகள் பலவற்றுக்கு யாருமில்லை. எனவே, அடுத்த கூட்டத்தில் என் விதியை நானே திருத்துவேன்: பூவைக் காணுமுன் எந்தச் செடியிலும் கைவைக்கலாகாது. அதுவரை அந்தக் கல்லறைகளின் புதர்களையும் காலைதோறும் நானே பார்த்து வருவேன்.