கூடத்து மெத்தை

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இதென்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனை எடுத்தாலே அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். நம் வாலுப் பெண் நடுவில் வந்து மூக்கை நுழைக்கிறாள். இதை நாலு பேர் கேட்கச் சொல்ல முடியாது. சமையலறை மேடையில் காகிதத்தை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாலு என் கத்தரிக்கோலை எடுத்துத் தன் முன்முடியைத் தானே வெட்டிக்கொண்டாள். அத்தைக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை.

எனக்கு இடுப்பு வலி என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அத்தை பாவம், தினமும் முதுகில் தைலம் தேய்த்துவிடுகிறார். வலி முதுகில் இல்லை. வாலு பிறந்தபோது தையல் போட்டார்களே, அதற்கும் உள்ளே, அடியில். உட்கார்ந்தால் எரிகிறது. வேலையில் தையல் மெஷின் முன் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால், "என்ன, மகாராணி சாஞ்சுக்கிட்டு இருக்கீங்க" என்கிறாள் சூப்பர்வைசர். நீங்கள் பக்கத்தில் வந்தால் இன்னும் மோசம். தொடுவதற்கு முன்பே உடம்பு பூட்டிக்கொள்கிறது.

அடுத்த மெஷின்காரி, "குழந்தை பெத்தா அடியில தளர்ந்துபோகும்டி, இறுக்கிப் பிடிச்சுப் பழகு" என்று ஒரு வீடியோ காட்டினாள். நானும் தைக்கும்போது இறுக்கினேன், பஸ்ஸில் இறுக்கினேன். உங்கள் லீவுக்குள் சரியாக வேண்டுமே என்று மாய்ந்து மாய்ந்து செய்தேன். நீங்கள் வந்தபோது முன்பைவிட மோசமாகிவிட்டது.

இப்போது வாராவாரம் பிசியோதெரபிக்குப் போகிறேன். அந்தப் பெண் என்னைவிடச் சின்னவள். முதல் நாள் கையே வைக்கவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த முறை கையுறை போட்டு, ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்டு, உள்ளே ஒரு விரலால் அழுத்தி, அந்த இடம் இளகும்வரை காத்திருந்தாள். அடியில் தாங்குகிற தசைகள் தளரவே இல்லையாம், விடத் தெரியாமல் இறுகிக் கிடக்கின்றனவாம். "யாரு உங்களை இறுக்கச் சொன்னது" என்று தலையில் கை வைத்தாள். நூலை அளவுக்கு மேல் இறுக்கினால் துணி சுருங்கும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாம் சொல்லித்தருகிறவள் நான். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

வீட்டில் தரையில் படுத்து, முழங்காலை மடக்கி, வயிற்றைத் தளரவிட்டு மூச்சை நிதானமாக இழுத்து விட வேண்டும். வயிற்றை உள்ளிழுத்தே பழகியவளுக்கு அதுதான் பெரும்பாடு. ஒரு வாரம் தேவலை போலிருக்கும், மறு வாரம் எல்லாம் முதலிலிருந்து. மாதக்கணக்கில் ஆகுமாம். அலுப்பாக இருக்கிறது. ஆனால் விடவில்லை, போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

போன லீவில், வெக்கையாக இருக்கிறது என்று மெத்தையைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டீர்கள். வெளியே அன்று மழை. பிறகு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள் என்று முன்னதாகவே கிளம்பிவிட்டீர்கள். யாரும் கூப்பிடவில்லை என்று உங்களோடு கிரேன் ஓட்டுகிறவரின் மனைவி பேச்சுவாக்கில் சொன்னாள். எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை. உங்களை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்துவிட்டீர்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. வலித்தது, அவ்வளவுதான். வேறு ஒன்றுமே இல்லை.

இந்த முறை லீவு சந்தேகம் என்று அத்தையிடம் சொன்னீர்களாம். அப்படிச் செய்யாதீர்கள். வாருங்கள். கணவரையும் ஒரு நாள் கூட்டி வரச் சொல்லியிருக்கிறாள் அந்தப் பிசியோதெரபிப் பெண்; என்னால் விளக்க முடியாததை அவள் சொல்வாள். எதற்கும் அவசரம் வேண்டாம்.

கூடத்து மெத்தைக்குப் புது உறை தைத்து அத்தையின் கட்டிலில் போட்டுவிட்டேன். இனி இந்த வீட்டில் நீங்கள் படுக்க ஒரே இடம்தான் இருக்கிறது. பக்கத்தில் சும்மா படுத்திருங்கள். அது வலிக்காது.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி